மணையில் ஏறி நின்ற மாப்பிள்ளை

ராசா,

நீ பஸ் ஏறின அன்றைக்குப் பிடித்த சாரல் இன்னும் விட்டபாடில்லை. நீ மறந்துவிட்டுப் போன நீலச் சட்டை மொட்டைமாடிக் கொடியில் கிடந்து, காய்வதும் நனைவதுமாக இருக்கிறது. கண்ணில் லென்ஸ் வைத்த பிறகு எனக்கு மலை ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. இந்த மாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், மேகம் இறங்கி மலையைப் பாதி மூடுவதையும், கொஞ்ச நேரத்தில் மனசு மாறித் திறந்து காட்டுவதையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்க்கப் பார்க்கப் பாதி முழிப்பும் பாதித் தூக்கமுமாக ஏதேதோ ஞாபகம் வருகிறது. எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் விறைப்பாக நிற்கிறார், யாராவது ஒருவர் அவரை அளக்கிறார். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என்னை முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஊரார் சண்டையை எழுதி எழுதியே ரிட்டயர் ஆன கை இது. ஒரு தடவை என் சண்டையையும் எழுதட்டும்.

பழைய அருவியில் குளித்துவிட்டு இறங்கி வரும்போது, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய். துண்டு முகத்தை மறைக்கிற நேரமாகப் பார்த்துச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். "யம்மா, அப்பாட்ட சொல்லிராத. காலுல ஒரு ஆபரேஷன் பண்ணலாம்னு இருக்கேன்." "என்னலே, எங்கன விழுந்தே?" என்றேன். "விழலம்மா. உயரமாகுததுக்கு." அருவிச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். பிறகு மிளகாய் பஜ்ஜி கடை பெஞ்சில் உட்கார்ந்து, நீ போனில் அந்த வீடியோவைக் காட்டினாய். முழங்காலுக்குக் கீழே எலும்பை இரண்டாக வெட்டுகிறார்கள். காலைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டி, தினமும் ஒரு சின்னச் சாவியால் ஒரு மயிரிழை அளவு திருப்புகிறார்கள். எலும்பு விலக விலக நடுவில் புது எலும்பு வளர்கிறது. மாதக்கணக்கில் படுக்கை, பிறகு நடை பழக வேண்டும், எல்லாம் முடிந்தால் மூன்று அங்குலம். தை மாதக் கல்யாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கப் போகிறாய். மதியிடம் ஆபீசில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லப் போகிறாய். பஜ்ஜி ஆறிப்போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அபூர்வம் என்று உனக்கே தெரியும்.

எங்கே குத்தியது என்று நான் கேட்கவில்லை, நீயே சொன்னாய். இலத்தூரில் நடந்த உன் நிச்சயதார்த்தத்தில் நீயும் மதியும் மாலை மாற்றியதை அவள் சித்தி பையன் எடுத்து, ஒரு காமெடிப் பாட்டைப் பின்னால் போட்டு ரீல்ஸ் விட்டான். நீ எக்கி மாலை போட்டதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினான். அவனுக்கு அது விளையாட்டு. கீழே யார் யாரோ, உன்னை ஜென்மத்தில் பார்த்திராதவர்கள், ஏணி வாங்கிக் கொடுங்கள், ஸ்டூல் போடுங்கள் என்று எழுதினார்கள். ஊரெல்லாம் சிரித்த பிறகு அவன் அழித்தான். மதி அவனைக் கூப்பிட்டுத் திட்டினாள் என்று கேள்விப்பட்டேன். நீ மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஸ்டேஷனில் அப்படிச் சிரிக்கிறவர்களை நான் தனியாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பேன்.

உயரம் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததே சினிமாதான். போலீஸ் வேஷத்தில் ஹீரோ வந்தால் ஜீப் கதவு திறக்கும், முதலில் பூட்ஸ் இறங்கும், பிறகு கேமரா காலிலிருந்து மேலே ஏறும் ஏறும், முகம் வருவதற்குள் கையிலிருக்கும் முறுக்கு தீர்ந்துவிடும். குட்டையாக ஒருத்தன் வந்தால் அவன் காமெடியன். அவன் தலையில் ஆளாளுக்குத் தட்டுவார்கள், தியேட்டரே உருளும். நானும் உருண்டிருக்கிறேன். நீ என் மடியில் உட்கார்ந்து சிரிப்பாய், உன் வயிறு குலுங்குவது என் கையில் தெரியும். எந்த வயசில் அந்த இடங்களில் நீ சிரிப்பதை நிறுத்தினாய் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. இப்போது வருகிற படங்களில் ஊசி போடுகிறார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைக்கிறார்கள், ஒரு பாட்டு முடிவதற்குள் நோஞ்சான் பயில்வான் ஆகி வெளியே வருகிறான். நடுவில் அவனைக் கக்கூசுக்கு யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று எந்தப் படத்திலும் காட்டுவதில்லை. நீ காட்டின வீடியோவிலும் காட்டவில்லை. அதிலும் முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், இடையில் ஒரு பாட்டுத்தான் இருந்தது.

இவ்வளவு பேசுகிற உன் அம்மா எப்படி போலீஸ் ஆனாள் என்பதை இப்போது சொல்ல வேண்டும். ராயகிரியில் எங்கள் வீட்டில் காக்கி போடாத ஆண்பிள்ளை கிடையாது. என் அண்ணன்மார் இரண்டு பேரும் பட்டாளத்தில் இருந்தார்கள், உன் தாத்தா ஏட்டு. எனக்கும் ஆசை வந்தது. வீட்டுச் சுவரில் அளந்து பார்த்தால் தேவையான உயரத்துக்கு ஒரு நூல், அரைக்கால் அங்குலம், குறைந்தது. எங்கள் பக்கம் அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. நிற்க நிற்க, நடக்க நடக்க முதுகெலும்பு அமுங்கும், படுத்தே கிடந்தால் கொஞ்சம் நீளும் என்று செலக்‌ஷனுக்குப் போகிறவர்களை எழுந்திருக்கவே விடமாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் என்னைப் படுக்க வைத்தார்கள். விடிவதற்கு முன்னால் மெத்தையோடு தூக்கி லோடு வேனில் ஏற்றினார்கள். தூசி படாமல் இருக்கக் கழுத்து வரை வெள்ளை வேட்டி. அண்ணன்மார் இருபக்கமும், அப்பா தலைமாட்டில். வெளிச்சம் வந்த பிறகு வெயில் கண்ணில் அடிக்கிறது என்று முகத்தையும் மூடிவிட்டார்கள்.

ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் வேன் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்களாம். டீக்கடைக்காரர் மெதுவாக வந்து, "அண்ணாச்சி, யாரு தவறிட்டாவ?" என்று கேட்டார். அப்பா, "ஒருத்தரும் தவறலவே. எம்மவ. செலக்‌ஷனுக்குப் போறா," என்றார். நான் வேட்டிக்குள்ளே இருந்து, "யப்பா, எனக்கும் ஒரு டீ சொல்லுங்க," என்றேன். அந்த மனுஷர் நாலடி பின்னால் போனது சத்தத்திலேயே தெரிந்தது. டீயை அண்ணன் ஸ்பூனால் ஊட்டினான். அதற்கப்புறம் முகத்தை மூடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். ரோட்டோரத்துப் புளியமரக் கிளைகள் மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பின்னால் போயின. எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்பதெல்லாம் மறந்து, மேகத்தோடு நானும் மிதப்பதாகவே இருந்தது. இன்றைக்கும் தூக்கம் வராவிட்டால் நான் அந்த வேனில்தான் போய்ப் படுத்துக்கொள்வேன்.

மைதானத்தில் என்னை நிறுத்தினார்கள். பலகை தலையில் இறங்கியது. பாஸ். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரில் நின்று பார்த்தால் பழையபடி ஒரு நூல் குறைவு. உயரம் போய்விட்டது, வேலை போகவில்லை. சர்வீஸ் முழுக்க அந்த ஒரு நூல் எனக்கு எதற்கும் தேவைப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. குடிகாரனைப் பிடிக்க, தொலைந்த பிள்ளையைத் தேட, அடிபட்ட பெண்ணிடம் பேச என்று எதற்கும் அது வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அந்த நூலால்தான் என் சோறு, என் காக்கி, உன் படிப்பு. அப்படிப் படுத்துக் கிடந்து உள்ளே போனவள், எழுந்து நின்று உனக்கு எப்படிப் புத்தி சொல்வது? இதுதான் ராசா, இத்தனை நாள் என் வாயைக் கட்டிப் போட்டது.

இன்னொன்றும் உண்டு. வரிசையில் எனக்குப் பின்னால் சிவப்பு ரிப்பன் கட்டின ஒரு பெண் நின்றாள். முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்ததாகச் சொன்னாள். அவளுக்கும் ஒரு நூல்தான் குறைந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளைப் படுக்க வைத்துத் தூக்கிவர ஒரு வேனும் இரண்டு அண்ணன்மாரும் இல்லை. எல்லோருமே வேனில் படுத்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் யோசித்திருக்கிறேன். அளவுப் பலகையை இன்னும் ஒரு நூல் ஏற்றி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். உன்னைப் போலச் சம்பளம் வாங்குகிற பையன்கள் எல்லாம் மூன்று அங்குலம் ஏறிக்கொண்டால், அடுத்த ரீல்ஸில் யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள்? அந்த ரிப்பன் பெண் இப்போதும் கனவில் வருகிறாள். திட்டுவதில்லை. என் பின்னால் நின்று தன் முறைக்குக் காத்திருக்கிறாள்.

மருத்துவத்துக்கு விரோதி என்று என்னை நினைத்துவிடாதே. கண்ணுக்குள் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், அதைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம். எங்கள் ஸ்டேஷன் ஜீப் டிரைவருக்கு விபத்தில் ஒரு கால் கட்டையாகிப்போனது. நீ காட்டின அதே வளையத்தை அவர் காலில் பார்த்திருக்கிறேன். "மேடம், எலும்பு ஒண்ணும் செய்யல. சதைதான் கெடந்து அழுவுது," என்பார். அவர் அதைப் பொறுத்துக்கொண்டது இரண்டு காலும் சமமாக நடக்க. அவருக்கு அது தேவை, உனக்கு அது ஆசை என்று கோடு போட்டுவிடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். கோடு நேராக வரவில்லை. என் கண் மங்கியது வியாதியா, வயசா? போலீஸ் வேலை எனக்குத் தேவையா, ஆசையா? ஊர் சிரித்துச் சிரித்து ஒருத்தனுக்குத் தூக்கம் போனால் அது வலி இல்லையா? தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். டிரைவருக்கு வலி காலில் இருந்தது, காலில் வைத்தியம் பார்த்தார்கள். உனக்கு வலி அடுத்தவன் வாயில் இருக்கிறது. அதற்கு உன் காலை வெட்டினால் சரியாகுமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு தடவை மெயின் அருவியில் சினிமா ஷூட்டிங்குக்கு என்னைப் பந்தோபஸ்து போட்டார்கள். காக்கி போட்ட ஹீரோ அருவிக்கு முன்னால் நின்று வசனம் பேச வேண்டும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்தார்கள். அவர் காலுக்குக் கீழே பலகை மேல் பலகையாக அடுக்கினார்கள். வில்லனாக வந்த நெட்டை ஆளைப் படியில் ஒன்று கீழே இறங்கி நிற்கச் சொன்னார்கள். அருவிப் புகை எல்லார் மேலும் விழுந்தது. கேமராவோடு வைத்திருந்த சின்ன ஸ்கிரீனில் பார்த்தேன். மலையும் அருவியும் அந்த மனுஷர் தோளுக்குக் கீழே இருந்தன. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனம் விசிலடித்தது. ஷாட் முடிந்ததும் அவர் பலகையிலிருந்து இறங்கி, பூட்ஸைக் கழற்றி, வெறுங்காலோடு கயிற்றோரம் வந்து நின்றார். என்னைவிடக் கொஞ்சம் குட்டை. ஜனம் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தது. ஒரு பெரியவர் அவர் தோளிலேயே கையை வைத்து, "தம்பி, சித்த நகருங்க, ஹீரோ எங்கன நிக்காரு?" என்று கேட்டார். அவர் அருவிப் பக்கம் கையைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வருத்தமே இல்லை. அவருக்குத் தெரியும், பலகை வேறு, கால் வேறு.

இனி உங்கப்பா கதை. நடுவீட்டில் மாட்டியிருக்கும் எங்கள் கல்யாணப் போட்டோவில் உங்கப்பா என்னைவிட உயரமாக இருப்பார். சின்னப் பிள்ளையில் நீ அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க அப்பம் பெருசா இருந்தீளா?" என்று கேட்டாய். மைக்செட் கடைக்காரர் வாயில் என்ன வரும்? "ஆமாலே. ஆம்ப்ளிஃபயர்ல கரண்டு அடிச்சுச் சுருங்கிட்டேன்," என்றார். நீ அதை நம்பி வருஷக்கணக்கில் கடைப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நடந்தாய். உண்மை என்னவென்றால், போட்டோக்காரர் லென்ஸில் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார், என் அண்ணன்மார் மணைப்பலகையைக் கொண்டுவந்து போட்டார்கள். நாங்கள் உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்ட அதே மணை. உங்கப்பா மறுபேச்சில்லாமல் ஏறி நின்றார், வேட்டிக்கரை பலகையை மூடிக்கொண்டது. படம் எடுத்தானதும் இறங்கி என் காதோரம், "மேல காத்து நல்லா வருது," என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. தாலி கட்டினபோதுகூட இல்லை. அந்த மணையை அவர் கடைக்குக் கொண்டுபோய் ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் வைத்தார். தண்ணீர் புகுந்தாலும் பெட்டி நனையாதாம். இத்தனை வருஷமாக அது அங்கேதான் இருந்தது.

இருந்தது என்று எழுதுகிறேன், கவனித்தாயா. நீ ஊருக்குப் புறப்படுகிற அன்றைக்குக் காலையில், இந்த மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரிடம் பேசினாய். முந்தின நாள் கடை ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுவிட்டு உன் போனின் புளூடூத்தை அதிலிருந்து பிரிக்க மறந்துவிட்டாய். கீழே கடையில் உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டிருக்கிறார், டாக்டர் பேச்சு கடை முழுக்கக் கேட்டிருக்கிறது. வீட்டில் யாராவது தினமும் சாவியைத் திருப்ப வேண்டுமே என்று டாக்டர் கேட்டார். போனில் சத்தம் வராமல் நீ எதையோ அமுக்கிச் சரிசெய்து, அவரைத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறாய். நீ மேலே இருந்து உரக்கச் சொன்ன பதில் படி வழியாகவே இறங்கி வந்திருக்கிறது. "ஆள் வெச்சுக்கிடுதேன் டாக்டர். வீட்ல யாருக்கும் தெரியாது." என்னிடம் சொன்னதை நீ கணக்கிலேயே சேர்க்கவில்லை. உங்கப்பா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நீ சொல்லிக்கொள்ள வந்தபோது உன் தோளைத் தட்டி, "பஸ்ல ஜன்னல மூடிக்கிடு, சாரலடிக்கும்," என்றார். நீ எதுவும் கண்டுகொள்ளவில்லை.

உன் பஸ் போன பிறகு அவர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கித் தரையில் வைத்தார், மணையை எடுத்துவந்து தேய்த்துக் கழுவினார். "எதுக்கு இப்பம் இது?" என்று கேட்டேன். "அவனுக்குத்தான். கல்யாணத்துல வேணும்னா ஏறி நிக்கட்டும். ஏறுததும் லேசு, எறங்குததும் லேசு," என்றார். மணையைத் திருப்பிப் போட்டு, "ஏட்டி, குட்டையா இருக்கது எனக்கு ஒருநாளும் கொறையாத் தெரியலயே. எங்கிட்ட இருந்து போயி அவனுக்கு மட்டும் எப்படி வலிக்கு?" என்று கேட்டார். அவர் அழுததை நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மணையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு இது பிடிக்கவில்லை, ராசா. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் உன் கால், உன் எலும்பு, உன் ஆயுசு. வளர்ந்த பிள்ளையை என்னால் லாக்கப்பில் போட முடியாது. நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இலத்தூருக்கு வந்து மதியின் பக்கத்தில் நில். நின்றபடியே எல்லாவற்றையும் சொல். வெளிநாடு, ஆபீஸ் என்று கதை விடாதே. உன் இந்த உயரத்தைப் பார்த்துத்தான் அவள் சரி என்று சொன்னாள். மாற்றப் போகிறாய் என்றால் அவளைக் கேட்க வேண்டாமா? அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறமும் உனக்கு வேண்டும் என்று தோன்றினால் போ. சாவி திருப்ப ஆள் மட்டும் வைக்காதே. நான் வருகிறேன். பொறுக்கிற அளவுக்குத் திருப்புகிறேன், நீ கத்தினால் கூடவே இருக்கிறேன், கக்கூசுக்கு உங்கப்பாவும் நானும் தூக்கிப் போகிறோம். பிள்ளைகளைப் படுக்க வைத்துத் தூக்கிப்போவது எங்கள் குடும்பத்துக்குப் புதுசில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது என்ற அந்தப் பேச்சு மட்டும் இனிமேல் வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடி தூற ஆரம்பித்துவிட்டது. மொட்டைமாடியில் காயப்போட்ட மணையை எடுக்க உங்கப்பா ஓடுகிறார். ஜன்னல் வழியாகத் தெரிகிறது. மணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பியவர், கொடியில் உன் சட்டை நனைவதைப் பார்த்துவிட்டார். நான் என் உயரத்துக்குக் கட்டின கொடி, அவருக்கு எட்டவில்லை. மணையைத் தரையில் போட்டார். ஏறி நின்று சட்டையை எடுத்தார். இறங்கிவிட்டார்.

அம்மா